கோயில் மாட்டின் ரத்தம்

கண்மாய்த் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த கன்றை நான்தான் காலைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன். ஐந்து மாதக் கரு. உடம்பில் இன்னும் மயிர் முளைத்திருக்கவில்லை. கரையில் நான்கு ஆம்பளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான்கு பேருக்கும் கை கால் நன்றாகத்தான் இருந்தது. அதில் ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏம்மா, அதப் போயித் தொடுறீகளே" என்றார்.

"ஊரு மாடெல்லாம் குடிக்கிற தண்ணியில இதத் தூக்கிப் போட்டது யாருங்க? போடும்போது அருவருப்பு வரல, நான் எடுக்கும்போது வருதாக்கும்?" என்று கத்தினேன். கன்றை உறையில் போட்டுக் கட்டி ஜீப்பில் ஏற்றினேன். அங்கேயே அறுத்துப் பார்த்துப் புதைத்துவிடலாம் என்று முன்னமே மண்வெட்டி கேட்டதற்கு அது வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எடுத்துவரக்கூட யாரும் போகவில்லை.

எனக்குக் கோபம் அதிகம். விருதுநகரில் நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே அது பிரசித்தம். மாட்டு டாக்டராகி, கால்நடை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இன்னும் மோசம். பசு ஏன் சினை பிடிக்கவில்லை, பிடித்த சினை ஏன் தங்கவில்லை, கருவுக்குள் எந்த வைரஸ் எப்போது போகிறது என்பதுதான் என் வேலை. அந்த வேலையில் மாடுகள் மீது எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. மனுசரைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஊரின் பெயர் வேண்டாம். தாயில்பட்டிக்குப் போகிற வழியில் உள்ளடங்கி இருக்கிறது. சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். இரண்டு வருடமாக அங்கே மாடுகள் மாதம் நிறையாமலே கன்று வீசிக்கொண்டே இருந்தன. மூன்று மாதத்தில், ஐந்து மாதத்தில், ஆறு மாதத்தில். தங்கிப் பிறந்தாலும் கண் தெரியாத கன்று, நிற்கத் தெரியாத கன்று. நிலம் நீச்சு உள்ள குடும்பங்கள் ஒன்றுகூடி மனு எழுதிவிட்டார்கள்: கம்பெனித் தூசி புல்லில் படிகிறது, அதைத் தின்று மாடு கன்று வீசுகிறது, நட்டஈடு வேண்டும். அந்த மனு மேசை மேசையாக ஏறி இறங்கி என்னிடம் வந்தது.

நான் புல்லை எடுத்தேன், தண்ணீரை எடுத்தேன், வீடு வீடாகப் போய் மாட்டு ரத்தம் எடுத்தேன். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் மீது எனக்கு ஒரு பிரியமும் கிடையாது. கழிவு மருந்தை ஓடையில் கொட்டியதற்காக ஒரு மேனேஜரை வாசலில் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தக் கன்றுகளைக் கொன்றது தூசி இல்லை. வழக்கமாகக் கன்று வீசவைக்கிற பாக்டீரியாவும் இல்லை. கண்மாயில் இழுத்துப் போட்டேனே, அந்தக் கருவின் மண்ணீரலில் வைரஸ் இருந்தது. அதை ஊர்க்கூட்டத்தில் சொன்ன அன்றைக்கே எனக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள். கம்பெனிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டா.

அந்த வைரஸைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லித்தான் ஆகவேண்டும். பெயரில் வயிற்றுப்போக்கு என்று இருக்கும். வயிற்றுப்போக்கு சும்மா ஒரு சாக்கு. பெரிய மாட்டுக்கு இரண்டு நாள் சூடடிக்கும், மூக்கு ஒழுகும், சரியாகிவிடும். சினை மாடாக இருந்தால் வைரஸ் நேரே கருவிடம் போகும். சில கருக்களைக் கொன்றுபோடும். கொல்லாமல் விடுவதுதான் அதைவிட மோசம். இரண்டு மூன்று மாதக் கருவுக்குத் தன் உடம்பு எது, வெளியிலிருந்து வந்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்த நேரத்தில் உள்ளே புகுந்த வைரஸையும் தன்னுடையது என்றே எடுத்துக்கொண்டு வளரும். அப்படிப் பிறக்கிற கன்று லட்சணமாகக்கூட இருக்கும். ஆனால் சாகிறவரைக்கும் மூக்கிலும் எச்சிலிலும் சாணத்திலும் வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கும். காளையாக இருந்தால் விந்திலும் கொட்டும். மனுசருக்கு அது ஒன்றும் செய்யாது. பக்கத்தில் நிற்கிற சினை மாட்டின் வயிற்றில்தான் கைவைக்கும். மருந்து கிடையாது. அந்த ஒரு மாட்டைக் கண்டுபிடித்து மற்ற மாடுகளிடமிருந்து அப்புறப்படுத்துவது ஒன்றுதான் வழி.

அந்த ஊரில் எனக்கு டீ கொடுக்க ஒரே ஒரு வீடுதான் மிச்சம் இருந்தது. அந்த வீட்டுக்காரிக்கு நாற்பது வயது இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் திரி வேலை. காலையில் ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி வேன் வரும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும். புருசன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் பத்து நாள் கழித்துத்தான் முகத்தைப் பார்க்க முடியும். வீட்டில் ஒரு ஜெர்சிக் கலப்புப் பசு. கம்பெனியிலிருந்து வந்ததும் சீயக்காய்த் தூள் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் அதன் பக்கத்தில் போவார். அலுமினியப் பவுடர் வாடை அதற்கு ஆகாது, எத்திவிடும்.

"ஒரு மாடு நல்லா நின்னுருச்சுன்னா வேன் ஏற மாட்டேன் டாக்டரம்மா. பயந்துக்கிட்டே சோறு திங்கிறது போதும்" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார். வேறு பேச்சே கிடையாது அவருக்கு.

எங்கள் கூடத்தில் கருமாற்றத் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. நிறையப் பால் தருகிற உயர்ந்த பசுவிடமிருந்து ஏழு நாள் கருவை எடுத்து, சாதாரணப் பசுவின் கருப்பையில் வைப்பது. கன்று கரு தந்த தாயைப் போல் வரும், சுமக்கிறது நம் வீட்டுப் பசு. டீ கொடுக்கிறவரை அந்தத் திட்டத்தில் சேர்த்தது நான்தான். தைப் பொங்கல் கழிந்து ஒரு காலையில் அவர் தொழுவத்தில் நின்று, கருவை உள்ளே வைத்ததும் இந்தக் கைதான். அதற்கு முன் அந்தத் தெருவில் உள்ள எல்லா மாட்டுக்கும் ரத்தம் பார்த்திருந்தேன். ஒன்றிலும் வைரஸ் இல்லை. ஏதோ வெளியூர் மாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கும் என்று நம்பிவிட்டேன்.

எல்லா மாட்டுக்கும் என்றா சொன்னேன்? படிவத்தில் இருந்த எல்லா மாட்டுக்கும். படிவத்தில் முதல் கட்டம் உரிமையாளர் பெயர். கோயில் மாட்டுக்கு உரிமையாளர் யார்? சாமி. சாமி பெயரை எழுதினால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. காதில் அடையாள வில்லை கிடையாது, கணக்கில் கிடையாது. அதனால் அந்தக் காளைக்கு மட்டும் நான் ரத்தம் எடுக்கவில்லை. தினமும் என் ஜீப்புக்குக் குறுக்கே வந்து நிற்கும், ஹாரன் அடித்துத் துரத்துவேன். ஊசி என் பையிலேயேதான் இருந்தது. இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை.

அந்தக் காளையின் கதை இதுதான். ஊர்ப் பெரியவர் ஒருவர். நிறைய நிலம், கோயில் பொறுப்பும் அவர் குடும்பத்துக்குத்தான். ஊரில் மற்ற மாடுகள் வீசுவதற்கு முன்பே, வேறு ஏதோ காரணத்தால் அவர் வீட்டுப் பசு இரண்டு தடவை கன்று வீசியது. மூன்றாவது சினை தங்கினால் பிறக்கிற கன்றை அம்மனுக்கு விட்டுவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். தங்கியது. சுழி சுத்தமான, செவலைக் காளைக் கன்று. காதைக் கிள்ளி, மஞ்சள் பூசி, கோயிலுக்கு விட்டார்கள். அது தெருத் தெருவாகத் திரிந்தது, எல்லாத் தொட்டியிலும் வாய் வைத்தது, பருவத்துக்கு வந்த பசுக்களிடம் எல்லாம் போனது. இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் மாடு கன்று வீசியது. அவர்களும் நேர்ந்துகொண்டார்கள். எதனால் வீசியதோ அதையே கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

பங்குனியில் ஒரு நாள் ஜீப்புக்கு முன்னால் அது வந்து நின்றபோது ஏனோ இறங்கினேன். இரண்டு வயதுக் காளைக்கு அந்த உயரம் போதாது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வாழைப்பழம் கொடுத்து, கழுத்தைத் தடவி, ஒரு குழல் ரத்தம் எடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

நான்காம் நாள் முடிவு வந்தது. வைரஸ் இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, குழல் முழுக்க அதுதான் என்கிற அளவுக்கு இருந்தது. ஊரில் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஆறு நாள்தான் பாக்கி.

தாளை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, நிதானமாகப் படித்தார். அந்த நிதானத்தைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

"ஏம்மா, ஒரு ரிசல்ட்ட வச்சுக்கிட்டு சாமி மாட்டுல கை வைக்கச் சொல்றியா? மூணு வாரம் கழிச்சு ரெண்டாவது ரத்தம் எடு. அதுலயும் இருந்தா எழுதிக் குடு. அதுவரைக்கும் ஊருக்குள்ள மூச்சு விடாத."

"சார், பொங்கலன்னிக்கு அந்தக் காளைய வீடு வீடாக் கூட்டிட்டுப் போவாங்க சார்."

"போகட்டும். ரெண்டு வருசமாப் போய்க்கிட்டுத்தான இருக்கு? ஏற்கெனவே நீ கம்பெனிகிட்ட வாங்கிட்டன்னு பேசுறாங்க. இப்பப் போயி சாமி மாடுதான் காரணம்னு சொல்லு, ஒன்னைய முழுசா விடுவாங்களா? நாளைக்கு ரெண்டாவது ரத்தத்துல இல்லேன்னு வந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் விஞ்ஞானத் தப்பு எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். சும்மா வந்துபோகிற தொற்றாக இருந்தாலும் முதல் ரத்தத்தில் வைரஸ் தெரியும். மூன்று வாரம் கழித்தும் இருந்தால்தான் பிறவியிலேயே வந்தது என்று அடித்துச் சொல்லலாம். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. நானே மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தக் காளையின் மூக்கைப் பார்த்தவளுக்கு, உயரத்தைப் பார்த்தவளுக்கு, ஊரின் கதையைக் கேட்டவளுக்கு எதற்கு மூன்று வாரம்? எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவருடைய உத்தரவைவிட ஊர்க்காரர்களின் வாய்க்குத்தான் நான் அதிகம் பயந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பொங்கலன்று போனேன். டீ கொடுக்கிறவர் கூப்பிட்டிருந்தார். போகாமல் இருந்திருந்தால் இன்னும் கோழைத்தனம் என்று சொல்லிக்கொண்டு போனேன். போய் நின்று மட்டும் என்ன கிழித்தேன்?

அந்த ஊரில் ஒரு வழக்கம். காளைக்கு மாலை போட்டு, கொம்பில் வேப்பிலை கட்டி ஊர்வலமாகக் கூட்டிவருவார்கள். கூடவே ஒரு பெரிய வெண்கலச் சட்டியும் வரும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டார் ஒரு கை பச்சரிசியும் வெல்லமும் சட்டியில் போடவேண்டும். காளை அதில் வாய் வைக்கும். வாய் வைத்ததும் அதே சட்டியிலிருந்து ஒரு கை அள்ளிக் கொண்டுபோய் வீட்டிலிருக்கும் சினை மாட்டின் வாயில் வைத்து ஊட்டுவார்கள். சினை தங்க வேண்டும் என்று. முன்னெல்லாம் ஏதோ நாலைந்து வீடுகளில் செய்ததை, கன்று வீச ஆரம்பித்த பிறகு ஒரு வீடு விடாமல் செய்தார்கள். ஒரே சட்டி, ஒரே எச்சில், தெருத் தெருவாக. ஒரு வைரஸ் தனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தாலும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடைத்திருக்காது.

டீ கொடுக்கிறவர் வாசலுக்குச் சட்டி வந்தது. பெரியவர் பட்டு வேட்டியோடு முன்னால் நின்றார். என்னைப் பார்த்து, "வாங்க டாக்டரம்மா, இன்னைக்காவது தூசி, வைரஸுன்னு பேசாம சாமி கும்பிட்டுட்டுப் போங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காளை சட்டிக்குள் முகத்தை விட்டு எடுத்தது. கரைந்த வெல்லமும் எச்சிலும் நூல் நூலாகத் தொங்கியது. வீட்டுக்காரி பயபக்தியோடு ஒரு கை அள்ளிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். நான் வைத்த கருவுக்கு அப்போது இரண்டரை மாதம்.

வைரஸ் என்று சொல்லத்தான் எனக்குத் தடை. "சினை மாட்டுக்கு இப்ப வெல்லம் ஆகாதுக்கா" என்று ஒரு பொய் சொல்ல யார் தடுத்தார்கள்? டாக்டர் சொன்னால் கேட்டிருப்பார். கையைத் தட்டிவிட்டிருக்கலாம். பசுவுக்கு ஊசி போடணும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்கக் கத்திக்கொண்டு திரிகிற எனக்கு அந்த நிமிடத்தில் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"கொஞ்சமாக் குடுங்கக்கா."

கொஞ்சமாம்! வைரஸுக்குக் கொஞ்சமென்ன, நிறைய என்ன? அவர் என் சொல்லுக்கு மரியாதை கொடுத்து, பாதியைத் திரும்பச் சட்டியில் போட்டுவிட்டு வந்து, மீதியைப் பசுவின் வாயில் வைத்தார். பசு கையை நக்கியது.

மூன்று வாரம் முடிந்த அன்று காலையிலேயே இரண்டாவது ரத்தம் எடுத்தேன். அதிலும் இருந்தது. அறிக்கை எழுதினேன். பெரியவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "சாமி மாட்ட எங்கன கொண்டுபோயி அடைக்கச் சொல்றீக? ஒங்க வீட்டுலயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அறிக்கை ஆபீசிலிருந்து ஆபீசுக்குப் போனது. மேலும் கருத்து தேவை என்று திரும்பி வந்தது. கருத்து எழுதி மறுபடி அனுப்பினேன். இதற்குள் அந்தத் தெருவில் புதிதாக வாங்கிவந்த மாடு ஒன்று கன்று வீசியது, ஒரு தலைச்சினைக் கிடேரியும் வீசியது.

ஆடி மாதம் காளை செத்தது. அந்த வைரஸோடு பிறக்கிற மாடுகள் ரொம்ப நாள் வாழாது, வாயெல்லாம் புண்ணாகி, கழிந்து கழிந்து சாகும். கொட்டடித்து, மாலை மரியாதையோடு கண்மாய்க்கரையில் புதைத்தார்கள். கம்பெனித் தூசி சாமி மாட்டையே கொன்றுவிட்டது என்று புது மனு ஒன்று எழுதினார்கள். எனக்கு ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது: காளை இறந்துவிட்டபடியால் மேல்நடவடிக்கை தேவையில்லை. அந்தத் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தேன். கோப்பில் வைக்கவேண்டும் என்று கிளார்க் அதை எடுத்து நீவி வைத்தார்.

டீ கொடுக்கிறவருடைய பசு மட்டும் கன்று வீசவில்லை.

"சாமி காப்பாத்துன கரு டாக்டரம்மா இது" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். நான் மாதா மாதம் போய்ப் பார்த்தேன். கருவின் இதயம் நன்றாகத் துடித்தது. பசுவின் ரத்தத்தை எடுத்துப் பார்த்ததில் வைரஸ் வந்துபோன தடயம் இருந்தது. முன்பு இல்லை, இப்போது இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கருவுக்குள் போகாமலும் இருந்திருக்கலாம். பிறந்தால்தான் தெரியும். மேலதிகாரி, "கன்னு பொறக்கட்டும், பாப்போம்" என்றார். நானும் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். வீட்டுக்காரி ஒவ்வொரு தடவையும் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, தீபாவளி லீவு முடிந்து கம்பெனி திறக்கும்போது வரமாட்டேன் என்று போர்மேனிடம் சொல்லிவிட்டதைச் சொல்வார். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால் கன்று பிறந்தது. கிடேரி. நெற்றியில் வெள்ளை, நீண்ட உடம்பு, பிறந்த அரை மணி நேரத்தில் எழுந்து நின்றது. தெருவே வந்து பார்த்தது. அந்தப் பசுவுக்குக் கன்று முட்டினால்தான் பால் சுரக்கும். கன்று முட்டியது, பசு சுரந்தது. அவர் எனக்குச் சீம்பால் காய்ச்சி எடுத்துவைத்திருந்தார். கன்றின் காதோரத்தில் ஒரு சின்னத் துண்டு தோல் வெட்டி எடுத்தேன். "எதுக்கு?" என்றார். "பரிசோதனைக்கு" என்றேன். "நல்லாப் பாருங்க" என்று கன்றின் தலையைத் தானே பிடித்துக்கொண்டார்.

தீபாவளி போனது. கம்பெனி திறந்தது. வேன் வந்து ஹாரன் அடித்தது, அவர் ஏறவில்லை. அதற்கு நான்கு நாள் கழித்துத் தோல் துண்டின் முடிவு வந்தது. நான் மேலதிகாரியிடம் போகவில்லை. போனால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நேராக ஜீப்பை எடுத்துக்கொண்டு கன்று நின்ற வீட்டுக்குப் போனேன்.

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். கன்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ரொம்ப நாள் நிற்காது, நிற்கிறவரைக்கும் தெருவில் உள்ள சினை மாடுகளுக்கு எல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும், பிரித்துக் கொண்டுபோய்விட வேண்டும், இன்னொரு பரிசோதனை மூன்று வாரம் கழித்து, ஆனால் எனக்குச் சந்தேகமில்லை என்று.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "கன்னு போயிட்டா இவ சுரக்க மாட்டாளே" என்றார்.

"ஆமாக்கா."

"அப்ப வேன்தான்."

கன்றைப் பார்த்தார். அது என் சட்டை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

"எங்கன இருந்து வந்துச்சு இது?"

"பொங்கலன்னிக்கு. கோயில் மாட்டுல இருந்து. அந்தச் சட்டி."

"அதுக்குச் சீக்கு இருக்குன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். செத்த பிறகுதான் தெரிந்தது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

"பொங்கலுக்கு ஆறு நாள் முன்னாடி" என்றேன்.

"நீங்க அன்னைக்கு இங்கனதான நின்னீக. எம் பக்கத்துல."

"உறுதியாத் தெரியறதுக்கு மூணு வாரம் பாக்கணும்னு ஆபீஸ்ல சொன்னாங்கக்கா. முதல் முடிவு சில நேரம் தப்பாக்கூட இருக்கும்." என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. வைதிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஏதோ எனக்குத் தெரியாத வேலை ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எங்க கம்பெனில வெடிமருந்து கையில வெதுவெதுன்னு பட்டாலே கத்திருவோம் டாக்டரம்மா. நெசமா சூடேறுதா, வெயில்ல வச்சதால அப்படி இருக்கான்னு யாரும் பாத்துக்கிட்டு நிக்க மாட்டோம். கத்துனா எல்லாரும் வெளிய ஓடிறணும். எத்தனையோ நா ஒண்ணுமில்லாமப் போயிருக்கு. போர்மேன் வைவாரு. வைவு வாங்கிக்கிட்டு மறுபடி உள்ள போயி உக்காருவோம். எம் பக்கத்துல இருந்த பிள்ளை ஒருநா அப்படித்தான் கத்துச்சு. அது வெளிய வரல. நாங்க ஒம்பது பேரு வந்தோம்."

சொல்லிவிட்டு எழுந்து கன்றைத் தூக்கித் தோளில் போட்டார். அடுப்படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டி, கதவைச் சாத்திவிட்டு வாசலுக்குப் போனார். தெருவில் அந்த நேரத்துக்கு மாடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டுச் சினை மாடு இவர் வாசல் தொட்டியில் தண்ணீர் குடிக்க வந்துகொண்டிருந்தது.

"ஏ அக்கா! ஒம் மாட்டப் பிடி! பிடிச்சு உள்ள கட்டு! எங் கன்னுக்குச் சீக்கு இருக்கு! சினை மாட்ட ஒருத்தரும் இங்கன விடாதீக! இந்தத் தொட்டியில தண்ணி காட்டாதீக!"

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தொட்டியை ஒரே தள்ளாகத் தள்ளிக் கவிழ்த்தார். தண்ணீர் தெருவில் ஓடியது. எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து மாட்டைக் கயிற்றோடு இழுத்தார். கதவுகள் திறந்தன. அடுத்த தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், பெரியவரும் வந்துவிட்டார்.

"என்ன சீக்கு? யாரு சொன்னது? அந்த டாக்டரம்மாவா?" என்று அவர் கேட்டார்.

"யாரும் சொல்லல. நாந்தான் சொல்றேன்" என்றார் வீட்டுக்காரி.

நான் உள்ளே வாசல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.